நாகப்பன் சார்பில், ஏகவல்லி

காலையில் கைப்பேசி அழைத்தது. தோணிரேவு மீனவர் குழுவின் செயலாளர் எல்லப்பன். "சார், ஏகவல்லியக்கா போயிட்டாங்க" என்றார்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

வேறு ஊர்க்காரரிடம் அப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். எல்லப்பன் நிதானமாகப் பதில் சொன்னார். "பாத்தேன் சார். நான்தான் கண்ண மூடி வுட்டேன்." அதன் பிறகுதான் நான் சட்டையை மாட்டிக்கொண்டு பொன்னேரியிலிருந்து பழவேற்காடு பேருந்தைப் பிடித்தேன். யாரையாவது இறந்துவிட்டார் என்று சொல்வதற்கு முன் யார் பார்த்தது என்று கேட்கும் பழக்கம் ஏகவல்லியம்மாவிடமிருந்து வந்ததுதான். அவர் விஷயத்திலேயே அதைக் கேட்க வேண்டியதாயிற்று.

இதைப் படிப்பவர்களில் பலர் பழவேற்காடு பஜாரில் இருந்த அவருடைய ஜெராக்ஸ் கடையில் நின்றிருப்பீர்கள். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. சாதிச் சான்றிதழ் நகல் எடுக்க வந்தவர்கள் ஒரு பக்கம் நிற்க, அவருடைய உண்மையான வேலை மறுபக்கம் நடந்துகொண்டிருக்கும். ஐஸ் கம்பெனியோடு படகுக்காரர்கள் போட்ட ஒப்பந்தம், கருவாட்டுக் கொட்டகை வாடகை, இன்ஜின் பழுது பார்க்கும் ஒப்பந்தம், ஏற்றுமதி நிறுவனத்துக்கு இறால் தரும் ஒப்பந்தம், எல்லாவற்றுக்கும் தவணை முடியப்போகிறது என்று நினைவூட்டியும் புதுப்பிக்கக் கேட்டும் கடிதம் எழுதியவர் அவர்தான். பஜாரில் ஆளைப் பார்த்தாலே சத்தம் போடுவார்: "யோவ், உன் அக்ரிமெண்டு ஆடியோட சாவுது, நீ இன்னாடான்னா டீ குடிச்சினு நிக்கிற!" கெஞ்சும் நடை அவருக்குப் பிடிக்காது. "முடியறதுக்கு முன்னாடி எழுதினா கடுதாசி. முடிஞ்சப்புறம் எழுதினா அது கையேந்தறது" என்பார்.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது தோணிரேவு வலைக்கூடத்தில். இறால் ஒப்பந்தம் பற்றி ஒரு செய்தி எழுதப் போயிருந்தேன். புதுப்பிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துவந்து, உறுப்பினர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, அவர் உரக்கப் படித்தார். கடைசியில் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயருக்கு உரியவர் "இருக்கேன்" என்றார், கையெழுத்துப் போட்டார். "நாகப்பன்" என்று படித்தபோது யாரும் பேசவில்லை. ஏகவல்லியம்மா பேனாவை எடுத்தார். பிறகு, "தொழிலுக்குப் போயிருக்காரு" என்று தானே சொல்லி, "நாகப்பன் சார்பில், ஏகவல்லி" என்று கையெழுத்திட்டார். அடுத்த பெயருக்குப் போனார்.

நாகப்பன் அவருடைய கணவர் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். குழுவில் நெடுநாள் உறுப்பினர் என்பதால் அவரிடமும் பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். தொழிலுக்குப் போனவர் திரும்பி வரட்டும் என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. இறாலைப் பெட்டியில் கொட்டினார்கள், ஐஸ் போட்டார்கள், வேன் புறப்பட்டது. வெயில் சாய்ந்தது. வலை அலசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யாருக்கோசரம் குந்தினு இருக்க நைனா?" என்று கேட்டார்.

"நாகப்பனைப் பாக்கணும்."

பெரியவர் ஏரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அவரு வர்ற நேரம் இல்ல இது" என்றார். குரலில் கேலி இல்லை. மறுபடியும் வலையை அலசத் தொடங்கினார்.

பொன்னேரி திரும்பும் பேருந்தில் ஏறிய பிறகுதான் நடத்துநர் சொல்லி எனக்குத் தெரிந்தது. நாகப்பன் தொழிலுக்குப் போய் அப்போதே சில வருடங்கள் ஆகியிருந்தன.

ஐப்பசி மழையில் முகத்துவாரம் திறந்துகொண்ட ஒரு நாள், கட்டிய வலையைத் தூக்குவதற்காக அவர் தனியாகப் போயிருக்கிறார். போனதைக் கரையில் பலர் பார்த்தார்கள். மதியத்துக்கு மேல் படகு மட்டும் நீரோட்டத்தோடு வந்து கரையில் ஒட்டியது. உள்ளே வலை இருந்தது. கழியிலிருந்து அவிழ்த்து, ஈரத்தோடு, வீட்டுக்கு எடுத்துப்போவதுபோல் ஒழுங்காக மடித்து வைத்திருந்தது. கவிழ்ந்த படகில் வலை அப்படி இருக்காது. நாட்கணக்கில் தேடினார்கள். கடல் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்து ஆட்களும் ஃபைபர் படகுகளில் வந்து தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தை ஒட்டி ஏரியில் நீரோட்டம் நன்றாக இருக்கும் இடத்தைப் பாடு என்பார்கள். அங்கே கழி நட்டு வலை கட்ட எல்லாருக்கும் ஒரே நாளில் இடம் இருக்காது. அதனால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போவார்கள். ஒருவருடைய முறை நாளில் அந்தத் தண்ணீர் அவருடையது. அந்தக் குழுவின் கட்டுப்பாட்டின்படி ஒருவரின் முறை இரண்டு வழியில்தான் முடியும். அவரை அடக்கம் செய்திருக்க வேண்டும். அல்லது சாட்சி இருக்க அவரே விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். நாகப்பனுக்கு இரண்டும் நடக்கவில்லை. ஆகவே அவருடைய முறை சுற்றி வந்துகொண்டே இருந்தது. அது வரும் நாளில் அந்தப் பாட்டில் வேறு யாரும் வலை கட்டுவதில்லை. அதைக் குறுக்கே கடந்து போவதுகூட இல்லை.

அப்படி இரண்டு நாட்களை நான் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன். மற்ற நாட்களில் கழிக்கு ஒன்றாகக் கடற்காகம் உட்கார்ந்திருக்கும். அந்த இரண்டு நாட்களிலும் கழிகள் வெறுமையாக நின்றன. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத வேளையில் அவரிடம் நேராகவே கேட்டேன். "தொழிலுக்குச் சென்றிருப்பதால்" என்று வருடா வருடம் கடிதத்தில் எழுதுகிறீர்களே, அவர் உயிரோடு இருப்பதாக நம்புகிறீர்களா?

அவர் பிரிண்டரில் தாள் அடுக்கிக்கொண்டே பேசினார். "பேப்பர்காரரே, உயிரோட இருக்காருன்னு நான் எங்கியாவது எழுதியிருக்கேனா? செத்துட்டாருன்னும் எழுதல. போனாரு. அத எல்லாரும் பாத்தாங்க. பாத்தத எழுதறேன். நீங்க அப்டித்தான எழுதறீங்க?"

ஆமாம் என்றேன். தாள் அடுக்கி முடித்ததும், "அப்ப காப்பி வாங்கியாரச் சொல்லுங்க" என்றார்.

இறால் வாங்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் புதிய மேலாளர் வந்தபோதுதான் இது முதல்முறையாகத் தகராறாயிற்று. சென்னையிலிருந்து வந்த இளைஞர், மரியாதை தெரிந்தவர். எந்த நாளும் விடாமல் இறால் வர வேண்டும், குழுவில் இல்லாதவர் பெயரை இறப்புச் சான்றிதழ் வைத்து நீக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் தவணையோடு நின்றுவிடும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தம் நின்றால் ஐஸும் வேனும் நின்றுவிடும். கரையில் மதியத்துக்குள் இறால் கருத்துப்போகும். வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. வலைக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள்.

எல்லப்பன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "அக்கா, ஒரு வரிதான். அந்த ஒரு வரிய எழுதிட்டா எல்லாருக்கும் சோறு."

"எழுதறேன். நீ பாத்தியாடா?"

"நான் எங்க பாத்தேன்?"

"வேற எவன் பாத்தான்? கூப்புடு, வந்து சொல்லட்டும். சொன்னா இங்கியே அடிச்சுத் தரேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குக்கா. ஏழு வருஷம் ஆள் வரலைன்னா செத்ததா..."

"சட்டத்துக்குத் தண்ணில வேல இல்லடா எல்லப்பா. உன் பொண்டாட்டி கோச்சினு ஆரணிக்குப் போனப்ப நீ இன்னா சொன்ன? ‘வந்துடுவா, வந்துடுவா’ன்னு மூணு மாசம் ஊரெல்லாம் சொல்லினு திரிஞ்ச. நாங்க எவளாவது வாயத் தொறந்தோமா?"

கூடம் சிரித்தது. எல்லப்பனும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லார் கண்ணும் தரையில் இருந்தது. ஏகவல்லியம்மா அதைப் பார்த்தார். அவர் முகம் அன்று போல் வாடி நான் பார்த்ததில்லை.

அந்தக் காலி நாளை நேரில் பார்க்க வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். அடுத்த முறை நாளில் எல்லப்பன் படகை எடுத்தார், நானும் ஏறிக்கொண்டேன். நல்ல உச்சிவெயில். காற்று இல்லை. பாட்டின் எல்லைக் கழிக்கு இந்தப் பக்கமே எல்லப்பன் இன்ஜினை நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? உள்ள போங்க" என்றார் மேலாளர்.

"இன்னிக்கு ஆள் இருக்கு சார்."

"யாரு? ஒருத்தரையும் காணோமே."

நாங்கள் மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஓட்டம் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் படகும் அந்தப் பக்கம்தான் மெல்ல இழுபட்டது. அப்போது நடுவில் இருந்த ஒரு கழி ஓட்டத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்தது. வலையின் கயிற்றை இறுக்கிக் கட்டும்போது கழி அப்படித்தான் சாயும். சிறிது நேரத்தில் பக்கத்துக் கழியும் சாய்ந்தது. அடியில் மண் இளகியிருக்கலாம். பெரிய மீன் ஏதாவது உரசியிருக்கலாம். நான் எண்ணிப் பார்த்த காரணங்கள் இவை. மேலாளர் என்ன எண்ணினார் என்று தெரியாது. "திருப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றே கடைக்கு வந்து, "என்ன எழுதணும்னு சொல்லுங்கம்மா" என்றார். ஏகவல்லியம்மா அவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தார். ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்ந்தது: உறுப்பினர் நாகப்பனின் முறை நாளில் நிறுவனம் இறால் கோராது. அந்தப் பத்தியோடுதான் அது வருடா வருடம் புதுப்பிக்கப்பட்டு வந்தது.

இந்த வருடம் அந்த மேலாளர் மாற்றலாகிப் போனார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. மாதக் கடைசியில் தவணை முடிகிறது. விலக்கு நாள் பற்றிய பத்தியோடு புதுப்பிக்க இயலாது. ஏகவல்லியம்மாவுக்கு அப்போது சர்க்கரை முற்றிக் காலில் புண். கடைக்கு வருவதே அரிதாகிவிட்டது. கடிதத்தை எல்லப்பன் அவர் வீட்டுக்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினார். இந்தத் தடவை ஒரு வரி எழுதச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை அசைத்தது என்று நினைக்கிறேன்.

என்னை அழைத்தார். "பேப்பர்காரரே, அவரு முறை அன்னிக்கு வாங்க. சாட்சிக்கு வெளியாள் ஒருத்தர் வேணும்."

போனேன். எல்லப்பனும் நானும் ஒரு படகில். அவர் தனியாக ஒரு சிறிய தோணியில் உட்கார்ந்துகொண்டார். அதை எங்கள் படகோடு கயிற்றால் கட்டி இழுத்துப்போனோம். எல்லைக் கழிக்கு வந்ததும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். எல்லப்பன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வோணாங்க்கா" என்றார். "அவுருடா, நான் இன்னா அசலார் ஊட்டுக்கா போறேன்" என்றார் அவர்.

தோணி மெல்ல உள்ளே போய், பாட்டின் நடுவில் நின்றது. ஓட்டத்தில் ஏன் நின்றது என்று எல்லப்பனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஏகவல்லியம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுவனத்திலிருந்து வந்த கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்தார். தண்ணீரின்மேல் ஒவ்வொரு சொல்லும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. படித்து முடித்துத் தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் கேட்டது, எங்கள் படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் சத்தம். அதுவும் நின்றது. நான் பார்த்தது, ஏகவல்லியம்மா தலையாட்டியதை. ஒருவர் நீளமாக ஏதோ சொல்லும்போது நடுநடுவே தலையாட்டுவோமே, அப்படி. ஒரு தடவை ஏதோ மறுத்துப் பேசுவதுபோல் கையை வீசினார். ஒரு தடவை சிரித்தார். பிறகு திரும்பி, வந்து இழுத்துப்போகும்படி எங்களுக்குச் சைகை செய்தார்.

"இன்னாக்கா சொன்னாரு?" என்று எல்லப்பன் கிசுகிசுத்தார்.

"முறைய விட்டுக்குடுத்துட்டாரு. எழுதிக்கலாம்."

"சிரிச்சியே, எதுக்கு?"

"அது எங்க ஊட்டு விஷயம். நீ படக ஓட்டு."

அன்று மாலை வலைக்கூடத்தில் எல்லாரும் கூடி என்னைக் கேட்டார்கள். "சார், நீங்க சாட்சி. நாகப்பன் சொன்னது உங்க காதுல வுழுந்துச்சா?" விழவில்லை என்றேன். கடிதத்தை அவர் படித்ததைக் கேட்டதாகவும், தலையாட்டியதையும் சிரித்ததையும் பார்த்ததாகவும் சொன்னேன். முன்பு ஒருநாள் கரையில் என்னை விசாரித்த அதே பெரியவர் முதலில் பேசினார். "போதும். எதிர்ல ஆள் பேசாம சும்மா தலையாட்டறவ இல்ல அவ." அதற்கு மேல் விவாதம் இல்லை. ஏகவல்லியம்மா கடையைத் திறக்கச் சொல்லி, தாமே உட்கார்ந்து தட்டச்சு செய்தார். எங்கள் உறுப்பினர் திரு. நாகப்பன் தமது முறையைக் குழுவுக்கு விட்டுக்கொடுத்துள்ளதால் விலக்கு நாள் பற்றிய பத்தி இனித் தேவையில்லை. மற்ற நிபந்தனைகளின்படி ஒப்பந்தத்தைப் புதுப்பித்துத் தர வேண்டுகிறோம். கீழே வழக்கம்போல் கையெழுத்திட்டார். நிறுவனம் புதுப்பித்தது. அந்தப் பதில் வந்ததைப் பார்த்த பிறகுதான் அவர் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து, பூச்சூட்டிக் கிடத்தியிருந்தார்கள். கழுத்தில் தாலி இருந்தது. வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், அதான் நாகப்பன் முறையை விட்டுக்கொடுத்துவிட்டாரே, பிறகென்ன சுமங்கலிப் பொட்டு என்று தாழ்ந்த குரலில் கேட்டார். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த மீன்காரப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். "முறையத்தான விட்டாரு? ஊட்ட விடலையே" என்றார். யாரும் பொட்டைத் தொடவில்லை. ஏரிக்கரையில் அடக்கம் செய்தார்கள்.

சில நாட்கள் கழித்து நாகப்பனின் முறை சுற்றி வந்தது. குழுவில் யாரும் முன்வராததால் செயலாளர் என்ற முறையில் எல்லப்பனே பாட்டில் வலை கட்டப் போனார். மாலையில் அவரை அழைத்து என்ன ஆயிற்று என்று கேட்டேன். கழிகளில் கடற்காகம் உட்கார்ந்திருந்ததாம். ஓட்டம் எப்போதும்போல் இருந்ததாம். எல்லா நாளும் விழுவதுபோல் இறால் விழுந்ததாம். "ஒண்ணுமே இல்ல சார். சாதாரணத் தண்ணி. அதான் சார் எனக்குப் பயமாயிடுச்சு. இத்தினி வருஷம் அங்க ஒரு ஆள் இருந்தாரு" என்றார்.

ஏகவல்லியம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது, அந்தக் கடைசிக் கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவர் என்னிடம் சொன்னது. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. "இத்தினி வருஷமா அவருக்கோசரம் நானே பதில் சொல்லினு இருந்தேன் பேப்பர்காரரே. ஒரு வாட்டி கூட அவர்கிட்ட போய்க் கேக்கல. அங்க யாரும் இல்லைன்னு நெனச்சு இல்ல. கேட்டா பதில் வந்துடும்னு பயம்."

அந்தப் பயத்தோடுதான் அவர் தோணியில் தனியாக உட்கார்ந்து உள்ளே போனார். போய்க் கேட்டார். அதை வைத்துக்கொள்கிறேன்.